விரல் நீட்டிக் காட்டுகிறதா குழந்தை?

பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் குழந்தையின் வளர்ச்சி வேறுபடும் ஆட்டிசம் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். பதில் எழுதியவர்கள் ஒரு குழந்தைநல மருத்துவர், ஒரு பேச்சு-கேட்புப் பயிற்றுநர், ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர்.

பையனுக்கு 19 மாதம். ஒரு வயதில் 'அம்மா', 'தாத்தா', 'காக்கா' என்று நாலைந்து சொல் சொன்னான். இரண்டு மாதமாக அதுவும் இல்லை. "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்கிறார் மாமியார். இரண்டு வயது வரை பொறுத்துப் பார்க்கலாமா?
– ஒரு தாய், கே.ஆர். புரம்

பொறுக்க வேண்டாம். பேச்சு தாமதமாக வருவது வேறு, வந்த பேச்சு போய்விடுவது வேறு. சொல்லோ, டாட்டா காட்டுவதோ, முகம் பார்த்துச் சிரிப்பதோ, குழந்தைக்கு ஒருமுறை வந்த பழக்கம் எந்த வயதில் மறைந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, சில கணக்குகளில் மூன்றில் ஒருவருக்கு, இப்படி வந்தது போவது உண்டு. பெரும்பாலும் 15 முதல் 24 மாதங்களுக்குள் இது நடக்கும். காது கேட்பதில் குறை ஏற்பட்டாலும், அபூர்வமாக வலிப்பு நோயாலும் பேச்சு போகலாம். எதுவாக இருந்தாலும் காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல.

உங்கள் மாமியார் சொல்வதும் முழுக்கப் பொய்யில்லை. தாமதமாகப் பேசி, பிறகு மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் உடம்பால் பேசிக்கொண்டே இருக்கும். கை நீட்டும், தலையாட்டும், புடவையைப் பிடித்து இழுக்கும், உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிணுங்கும். ஆகவே சொற்களை எண்ணுவதை ஓரமாக வைத்துவிட்டு அவன் விரலைப் பாருங்கள்.

12 முதல் 14 மாதத்துக்குள் ஆள்காட்டி விரல் நீட்டல் வந்துவிட வேண்டும். அதில் இரண்டு வகை. அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது கேட்பதற்காக. மாடியில் நிற்கும்போது தூரத்தில் போகும் மெட்ரோ ரயிலைக் காட்டிவிட்டு, சட்டென்று திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பது, 'நீயும் பார்த்தாயா?' என்று பங்கு போட்டுக்கொள்வதற்காக. ஆட்டிசத்தில் முதலில் காணாமல் போவது இந்த இரண்டாவது வகை. பல வீடுகளில் இது கண்ணிலேயே படுவதில்லை, ஏனென்றால் இதில் குழந்தை எதையும் கேட்டு அழுவதில்லை. அதற்குப் பதிலாக உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கதவில் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். உங்கள் கை அவனுக்கு ஒரு கருவி போல ஆகிவிடுகிறது. இதைக் கண்டால் குறித்து வையுங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. டிவியை அணைத்துவிடுங்கள். அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக, ஓரிரு அடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் பெயரை மட்டும் சொல்லுங்கள். தொடக்கூடாது, கைதட்டக்கூடாது, 'பிஸ்கட் வேணுமா' என்று ஆசை காட்டக்கூடாது. ஒரே நேரத்தில் பத்துத் தடவை கூப்பிடாமல், நாள் முழுக்க நாலைந்து வேளைகளில் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தை பெரும்பாலான வேளைகளில் திரும்ப வேண்டும். சிப்ஸ் பாக்கெட் சரசரத்தால் ஓடி வருபவன் தன் பெயருக்குத் திரும்புவதில்லை என்றால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட்-ஆர் என்ற கேள்வித்தாள் இருக்கிறது. இலவசமானது, 20 கேள்விகள், 'ஆம்', 'இல்லை' என்று பெற்றோரே நிரப்பலாம். பெரும்பாலான கேள்விகளில் 'இல்லை' என்பதற்கு ஒரு மதிப்பெண். 2, 5, 12 ஆகிய மூன்றில் மட்டும் 'ஆம்' என்பதற்கு. காது கேட்கவில்லையோ என்று நினைத்ததுண்டா, கண்ணருகே விரல்களை விநோதமாக ஆட்டுகிறதா, மிக்ஸி போன்ற அன்றாடச் சத்தங்களுக்குக் கலங்குகிறதா என்பவை அவை. கூட்டல் 2 வரை என்றால் இப்போதைக்குக் கவலை குறைவு, ஆனால் குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பவில்லை என்றால் நிரம்பிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். 3 முதல் 7 வரை என்றால், தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து மருத்துவர் விரிவாகத் துருவிக் கேட்பார். அதன் பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் முழு மதிப்பீடு. 8-ம் அதற்கு மேலும் என்றால் இடைப்பட்ட படி வேண்டாம், நேரே முழு மதிப்பீடு.

இதில் வீட்டார் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். 'போன மாசம் ஒரு தடவை செஞ்சானே' என்று 'ஆம்' போட்டுவிடுவது. எப்போதாவது செய்வது, வழக்கமாகச் செய்யாதது என்றால் பதில் 'இல்லை'. அன்பினால் போடும் 'ஆம்' குழந்தையின் மாதங்களைத் தின்றுவிடும். உங்கள் விஷயத்தில் கேள்வித்தாள் என்ன சொன்னாலும் மருத்துவரிடம் போங்கள், சொற்கள் போயிருக்கின்றன.

மகளுக்கு மூன்று வயது. பேசுகிறாள், விளம்பர வசனமெல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் "உன் பேர் என்ன?" என்றால் "உன் பேர் என்ன" என்கிறாள். பால் வேண்டுமானால் "உனக்குப் பால் வேணுமா?" என்று வந்து நிற்கிறாள். இவ்வளவு பேசுபவளுக்கு ஆட்டிசம் இருக்குமா?
– ஒரு தந்தை, லிங்கராஜபுரம்

இருக்கலாம், மதிப்பீடு அவசியம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது மொழி கற்கும் எல்லாக் குழந்தைகளிடமும் கொஞ்சம் உண்டு. இரண்டரை வயதுக்குப் பிறகும் அதுவே பேச்சின் பெரும்பகுதியாக நின்றால்தான் கவனிக்க வேண்டும். 'உனக்கு', 'எனக்கு' மாறுவதும் அதன் விளைவே. பால் வருவதற்கு முன் காதில் விழும் வாக்கியம் 'உனக்குப் பால் வேணுமா' என்பதால், அவளுக்குப் பால் என்றாலே அந்த முழு வாக்கியம்.

அதை 'கிளிப்பிள்ளை மாதிரி' என்று தள்ளிவிடாதீர்கள். அவள் கேட்கத் தெரிந்து கேட்கிறாள். திருத்தும்போது 'அப்படிச் சொல்லாதே' என்று சொல்வதைவிட, அவள் சொல்ல வேண்டியதை அவள் இடத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள்: 'பால் வேணும்'. சொல்லிவிட்டுப் பாலைக் கொடுங்கள். கேள்வியாகக் கேட்பதைக் குறையுங்கள். பெண் குழந்தைகளில் ஆட்டிசம் பிடிபடத் தாமதமாவதற்கு 'நல்லாப் பேசுறா, அமைதியா இருக்கா' என்ற பாராட்டும் ஒரு காரணம். எத்தனை சொல் தெரியும் என்பது போதாது. இன்னொருவரோடு இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிப் பேச முடிகிறதா என்பதைப் பாருங்கள்.

வீட்டில் தமிழ், ஆயா கன்னடம், கிரெச் காப்பகத்தில் இந்தியும் ஆங்கிலமும். மகனுக்கு 26 மாதம், பேச்சு குறைவு. "குழப்பாதீங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று பலரும் சொல்கிறார்கள்.
– ஒயிட்ஃபீல்டு வாசகர்

பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் இரண்டு மொழி சுமையாகி பேச்சு தடைபடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ, கதை சொல்ல வருமோ, கோபப்பட வருமோ, அந்த மொழியில் பேசுங்கள். தாத்தா பாட்டியோடு அவனை இணைக்கும் மொழி தமிழ் என்றால் அதை எடுத்துவிட்டால் அவனோடு பேசும் ஆட்கள்தான் குறைவார்கள்.

சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். தமிழில் 'தண்ணி' ஒன்று, கன்னடத்தில் 'நாயி' ஒன்று, ஆங்கிலத்தில் பந்துக்கு 'பால்' ஒன்று. 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்த்து, ஒப்பிக்காமல் தானாக, 'அப்பா வா', 'பால் வேணும்' என்று எந்த மொழியிலாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் குற்றம் மொழிகளின் மேல் இல்லை. மதிப்பீட்டுக்குப் போங்கள்.

நிமான்ஸ் போகச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி, பிள்ளைய அங்க கூட்டிட்டுப் போறதா?" என்று வீட்டில் ஒரே அழுகை. அங்கே என்ன செய்வார்கள்? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– ஆஸ்டின் டவுன் வாசகி

ஓசூர் ரோட்டில் இருக்கும் நிமான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம். அங்கே குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித் துறை இருக்கிறது. அங்கே வருபவர்களில் உங்களைப் போல ரெண்டு, மூன்று வயதுக் குழந்தையோடு வருபவர்கள் ஏராளம். பெயரைப் பார்த்துப் பயந்து ஒரு வருடத்தைத் தொலைக்க வேண்டாம். வீட்டில் மனம் ஒப்பவே இல்லை என்றால் அருகிலேயே இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. எங்காவது போங்கள், போவதுதான் முக்கியம்.

ஊசி, ஸ்கேன் என்று எதுவும் கற்பனை செய்யாதீர்கள். ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ எம்ஆர்ஐயோ கிடையாது. வலிப்பு, தலையின் அளவில் வித்தியாசம், உடம்பின் ஒரு பக்கம் பலவீனம் போன்ற தனிக் காரணம் இருந்தால்தான் எம்ஆர்ஐ, மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி கேட்பார்கள். கண்டறிவது இரண்டே வழியில்: கர்ப்ப காலம் முதல் இன்று வரையிலான வரலாற்றை நீண்ட நேரம் கேட்பது, குழந்தையோடு விளையாடிப் பார்ப்பது. கார்ஸ் என்ற அளவுகோலில் 15 தலைப்புகள். இந்தியாவில் உருவான இசா அளவுகோலில் 40. சில இடங்களில் ஏடாஸ் என்ற விளையாட்டுவழிச் சோதனையும் உண்டு. எந்த அளவுகோலும் தானாகத் தீர்ப்புச் சொல்லாது, பார்ப்பவரின் அனுபவமும் சேர வேண்டும். அனுபவமுள்ளவர் இரண்டு வயதில் சொல்லும் முடிவு பெரும்பாலும் பின்னாளிலும் மாறுவதில்லை.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, காதுப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அது, கிரெச் ஆசிரியரின் நாலு வரி. இவற்றைவிட உதவுவது வீடியோ. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம் போதும். தனியாக விளையாடுவது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது நடப்பது, சாப்பிடுவது, மற்ற பிள்ளைகள் நடுவில் இருப்பது, நீங்கள் கவலைப்படும் செய்கை, கை உதறுவதோ சுழல்வதோ, அது ஒன்று. பிறந்தநாள் வீடியோவும் எடுத்துப் போங்கள். ஒரு வயதில் டாட்டா காட்டியது அதில் பதிந்திருக்கும், இப்போது இல்லை என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் பாட்டியும் வர வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஆபீஸ் நேரத்தில் பார்க்காததை அவர் பார்த்திருப்பார். அழுதுகொண்டிருக்கும் பாட்டியே மருத்துவரின் வாயால் நேராகக் கேட்டுக்கொள்வதும் நல்லது. தமிழில்தான் சரளமாகச் சொல்ல வரும் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கன்னடத்தில் பாதி, ஆங்கிலத்தில் பாதி என்று தட்டுத்தடுமாறிச் சொன்னால் முக்கியமானதே விட்டுப்போகும். காலையில் சீக்கிரம் போய்ப் பதிவு செய்யுங்கள். அவன் தூங்கும் நேரம், பழகிய தின்பண்டம், பிடித்த பொம்மை மூன்றையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். பசியும் தூக்கமும் சேர்ந்த குழந்தையிடம் எதையும் சரியாகப் பார்க்க முடியாது. கிளம்பும் முன் எழுத்தில் அறிக்கை கேட்டு வாங்குங்கள்.

காது டெஸ்ட்டுக்கு இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டோம், பையன் தூங்கவே இல்லை. குக்கர் விசிலுக்கு ஓடி வருகிறானே, டெஸ்ட் தேவையா?
– ஸ்ரீராம்புரம் வாசகி

தேவை. குக்கர் விசில் பெரிய சத்தம். அது கேட்கும் காதுக்கு 'ச', 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம். அப்போது பேச்சு அவனுக்கு அரைகுறையாகவே விழும். காதுக் குறையை ஆட்டிசம் என்று நினைப்பதும் நடக்கிறது, ஆட்டிசத்தைக் காதுக் குறை என்று நினைப்பதும் நடக்கிறது, இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

சோதனை இரண்டு வகை. ஓஏஇ சில நிமிட வேலை. காதுக்குள் சின்ன முனையை வைத்து உட்காதின் எதிரொலியைப் பதிவார்கள். சளி, காதில் அழுக்கு, நடுக்காதில் நீர் இருந்தால் நல்ல காதும் தவறியதாகக் காட்டும், எனவே சளி விட்ட பிறகு போங்கள். மற்றது பெரா. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுமுனைகள் வைத்து, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அசையாமல் தூங்க வேண்டும். ஓஏஇ தேறினாலும் நரம்பில் பழுது இருக்கலாம் என்பதால் இரண்டும் வேண்டும்.

தூக்கம் தவறுவது பெரும்பாலும் வழியில். முந்திய இரவு தாமதமாகப் படுக்க வைத்து, காலையில் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னால் எழுப்புங்கள். ஆட்டோவில் கண் சொக்கினால் பேச்சுக் கொடுத்து, தண்ணீர் தொட்டு, எப்படியாவது விழிக்க வையுங்கள். அந்தப் பத்து நிமிடக் குட்டித் தூக்கம்தான் அங்கே போனதும் ஒரு மணி நேரத் தூக்கத்தைக் கெடுக்கிறது. முந்தைய நாள் தலைக்குக் குளிப்பாட்டி எண்ணெய் வைக்காமல் விடுங்கள், பிசுக்கு இருந்தால் முனைகள் ஒட்டாது. பாலும் தாலாட்டும் சோதனை அறையிலேயே. அப்படியும் தூங்கவில்லை என்றால் எடை பார்த்து மருத்துவர் மருந்து கொடுப்பார். அதற்கு முன் எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே தூக்க மருந்து கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள், மூச்சுக்கு ஆபத்து. பெங்களூருவில் சரிவரவில்லை என்றால் மைசூரில் அகில இந்திய பேச்சு-கேட்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே காது, பேச்சு இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

ஒன்றே கால் வயதில் போட்ட தடுப்பூசிக்குப் பிறகுதான் பேச்சு நின்றது. அடுத்ததைப் போடலாமா?
– விவேக் நகர் வாசகர்

போடுங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஊசி போடும் வயதும் ஆட்டிசத்தில் பேச்சு மறையும் வயதும் ஒன்றாக இருப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் போலத் தோன்றுகிறது. 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, இந்தப் பயத்தைக் கிளப்பிய கட்டுரையை 2010-ல் அந்த இதழே திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிச வாய்ப்பில் வித்தியாசம் இல்லை. தட்டம்மையோ உயிரை எடுக்கக்கூடியது. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

செல்போன் பார்த்ததால்தான் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' வந்தது, போனை நிறுத்தினால் சரியாகிவிடும் என்கிறது ஒரு வீடியோ. உண்மையா? அப்பாயின்ட்மென்ட் கிடைக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதுவரை என்ன செய்வது?
– ஒரு தாய், அல்சூர்

அப்படி ஒரு நோய்ப் பெயர் மருத்துவ வகைப்பாடுகளில் இல்லை. திரை அதிகமானால் பேச்சும் தூக்கமும் கெடும், நிறுத்தினால் சில குழந்தைகளிடம் நல்ல மாற்றமும் தெரியும். அதற்காக, நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மதிப்பீட்டைத் தள்ளக்கூடாது. இரண்டையும் இன்றே செய்யுங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்குள். சோறு ஊட்டும்போது போனை எடுத்தால் முதல் மூன்று நான்கு நாள் ரகளை இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

ஏழு வாரம் வீணாக வேண்டியதில்லை. பயிற்சி தொடங்க நோயின் பெயர் எழுதிய காகிதம் தேவையே இல்லை. பேச்சு தாமதம் என்பதே போதுமான காரணம்.

ஒரு நாளில் நாலைந்து முறை, பத்துப் பதினைந்து நிமிடம், தரையில் அவனுக்கு எதிரே, கண் மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். டிவி ஓடக்கூடாது. அவன் கார் சக்கரத்தைச் சுற்றினால் நீங்களும் இன்னொரு காரை எடுத்துச் சுற்றுங்கள். தன்னை யாரோ பின்பற்றுகிறார்கள் என்று பட்டதும் பல குழந்தைகள் நிமிர்ந்து பார்க்கும். அந்த ஒரு பார்வைக்காகத்தான் இவ்வளவும். மோவாயைப் பிடித்து 'என்னைப் பாரு' என்று திருப்பாதீர்கள். பொருளை உங்கள் கன்னத்தருகே பிடியுங்கள், கண் தானாக வரும்.

நண்டூருது விளையாட்டு இதற்கென்றே செய்தது போல இருக்கும். 'நண்டூருது... நரியூருது...' என்று உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை விரல்கள் ஏறியதும், கிச்சுகிச்சு மூட்டும் முன் நிறுத்துங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் பார்த்தாலோ, கையை இழுத்தாலோ, ஒரு சத்தம் கொடுத்தாலோ அதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு கிச்சுகிச்சு மூட்டுங்கள். அந்தப் பத்து விநாடியைப் பொறுக்க முடியாமல் பெரியவர்களே இடைவெளியை நிரப்பிவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது.

முறுக்கை முழுசாகக் கொடுக்காமல் உடைத்து ஒவ்வொரு துண்டாகக் கொடுங்கள். ஐந்து துண்டு என்றால் ஐந்து முறை கேட்க வாய்ப்பு. பிடித்த பொருளை இறுக்கி மூடிய, உள்ளே தெரியும் டப்பாவில் போட்டு அவன் கைக்கு எட்டும்படி வையுங்கள், உதவிக்கு உங்களிடம் வர வேண்டும். கேட்கும் முன்பே எடுத்துக் கொடுக்கும் தாத்தா பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவையுங்கள். 'இது என்ன? அது என்ன? சொல்லு!' என்ற பரீட்சையை நிறுத்திவிட்டு, அவன் பார்ப்பதை ஒரே சொல்லில் சொல்லுங்கள்: 'பந்து', 'பந்து போச்சு'.

இவை வெறும் ஒப்புக்கு அல்ல. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வில், நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீட்டுக்கே போய் 12 அமர்வுகள் நடத்தினார்கள். அதிலேயே குழந்தை தானாகப் பெற்றோரிடம் தொடர்புகொள்வது கூடியது.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று பல லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?
– பெயர் வேண்டாம், மர்பி டவுன்

வைக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் செலேஷன், அழுத்த ஆக்சிஜன் அறை இரண்டுக்கும் இதே பதில். செலேஷனில் குழந்தை இறந்ததும் உண்டு. அந்தப் பணம் இரண்டு வருடப் பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் வரும்.

மகனுக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் ஸ்கூலில் சேர்க்க மாட்டார்களோ என்று பயம். அவன் தங்கைக்கு எட்டு மாதம், அவளையும் பார்க்க வேண்டுமா?
– ஒரு தாய், சிவாஜிநகர்

சான்றிதழ் கட்டாயமில்லை, வாங்கியதை ஊருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. இசா அளவுகோலில் 70 மதிப்பெண் என்றால் 40 சதவீதக் குறைபாடு, பெரும்பாலான சலுகைகளுக்கு அந்த 40 தேவை. ஸ்வாவ்லம்பன் என்ற அரசு இணையதளத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடிக்கு விண்ணப்பிக்கலாம். அதன் பிறகு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிக்கும் அதில் இடமுண்டு, எனவே பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

தங்கையைப் பார்க்கத்தான் வேண்டும். மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் இளையவருக்கு வர ஐந்தில் ஒரு வாய்ப்பு. அவளுக்கு 9 மாதம் ஆனதும் பெயருக்குத் திரும்புகிறாளா, 12 மாதத்தில் டாட்டா காட்டுகிறாளா, 14 மாதத்துக்குள் விரல் நீட்டுகிறாளா என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். 18, 24 மாதத்தில் எம்-சாட்-ஆர். அண்ணனின் மருத்துவரிடமே அவளையும் பதிவு செய்துவிட்டால் முன்கதையை மறுபடி சொல்லவேண்டியிருக்காது.